மலையகத்தில் இருந்து வெளிநாட்டு வேலை: எந்த ஊர் கட்டுப்படியாகும் என்று கணக்குப் பார்ப்பது எப்படி

போன மாதம் என் சித்தி மகள் பதுளையிலிருந்து போன் எடுத்தாள். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் படிப்பு முடிகிறது, வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்றும் கிடைத்திருக்கிறது. "அக்கா, பதுளையிலேயே இருக்கவா, கண்டிக்குப் போகவா, இல்லாட்டி ஹட்டனுக்கு உங்ககிட்டயே வந்துரவா? எது மலிவு?" என்று கேட்டாள். பதில் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொன்னால்தான் மற்றது விளங்கும். இங்கிலாந்தில் உள்ள ஒரு சின்னக் கணக்காளர் அலுவலகத்துக்குக் கணக்குப் பதிவு வேலை செய்கிறேன். செய்த மணிக்குத்தான் காசு. அங்கே காலை 9 மணி என்றால் இங்கே பகல் ஒன்றரை, அவர்களுடைய குளிர்காலத்தில் இரண்டரை. அதனால் என் வேலை நாள் இரவு ஒன்பதரை, பத்தரைக்குத்தான் முடியும். அம்மா நோர்வூட்டுக்குப் பக்கத்தில் தோட்டத்தில் இருக்கிறார். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனபோது அவர் இன்னும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். இப்போது முழங்கால் விடாது. மாதத்தில் ஒரு நாள் கிளினிக் இருக்கிறது. நான் எந்த ஊரில் இருந்தாலும் இந்த இரண்டும் கூடவே வரும்: என் வேலை நேரமும் அம்மாவின் கிளினிக்கும்.

முன்பு மூன்று வருடம் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்தேன். அப்புறம் கண்டியில் இரண்டு மாதம், பண்டாரவளையில் இரண்டு மாதம், 2025 மே முதல் ஹட்டனில். கீழே வரும் தொகைகள் எல்லாம் என் கொப்பியிலிருந்து எடுத்தவை. வாடகைச் சந்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாறும், ஆகவே தொகையைவிடக் கணக்குப் போடும் முறையைக் கவனியுங்கள்.

முதலில் ஒரு மாதம் கொப்பியில்

ஊர் ஊராக விலை விசாரிக்கப் போவதற்கு முன்னால், இப்போது இருக்கும் ஊரில் ஒரு முழு மாதம் செலவை எழுதுங்கள். வாடகை, கரண்ட் மட்டும் போதாது. ரீலோட், ஓட்டோ, டவுனுக்குப் போனால் குடிக்கிற டீ, எல்லாம் வேண்டும். நான் 80 பக்கக் கொப்பி ஒன்று வைத்திருக்கிறேன். ஒவ்வொரு செலவுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போடுவேன். ‘ஊ’ என்றால் ஊர் மாறினால் மாறும். ‘எ’ என்றால் எங்கே போனாலும் அதேதான்.

முதல் மாத முடிவில் பார்த்தால் செலவில் கிட்டத்தட்டப் பாதிக்கு ‘எ’ விழுந்திருந்தது. அம்மாவுக்குக் கொடுப்பது, லெப்டொப் தவணை, மாத்திரை, வரி, சேமிப்பு. பாதிச் செலவு எந்த ஊருக்குப் போனாலும் அசையாது என்று தெரிந்துகொண்டதே பெரிய தெளிவு. இந்தப் பாதியை வைத்துக்கொண்டு ஊர் தேடுவதில் அர்த்தமில்லை.

வரியை மறக்காமல் ‘எ’யில் போடுங்கள். 2025 ஏப்ரல் முதல், வெளிநாட்டுக்குச் செய்யும் சேவைக்காக வெளிநாட்டு நாணயத்தில் வங்கி வழியாக வரும் வருமானத்துக்கும் வரி உண்டு. அதிகபட்சம் 15 சதவீதம், ஆண்டுக்கு 18 இலட்சம் வரை விலக்கு. சேமிப்பும் அப்படித்தான். இங்கே கம்பனியில் வேலை செய்கிறவருக்கு ஊழியர் சேமலாப நிதிக்குத் தன் பங்கு 8, முதலாளி பங்கு 12 என்று சம்பளத்தில் 20 சதவீதம் சேரும். நம் போன்றவர்களுக்கு அதைப் போட ஆள் இல்லை. அந்த 20ஐ நாமே முதலில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைத்தான் வருமானம் என்று எழுத வேண்டும். நான் மூன்று வருடம் இதைச் செய்யாமல் விட்டேன். அந்த மூன்று வருடத்துக்கு இன்று கையில் ஒன்றும் இல்லை.

இன்னொன்று நாணய மாற்று. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360ஐத் தாண்டியது. வெளிநாட்டுச் சம்பளக்காரருக்கு அது சம்பள உயர்வு மாதிரி இருந்தது. அந்தக் கணக்கில் பெரிய வீடு எடுத்தவர்களை எனக்குத் தெரியும். அடுத்த வருடமே ரூபாய் திரும்பிப் பலப்பட்டது, கடைச்சாமான் விலை மட்டும் இறங்கவில்லை. ஆகவே கடைசி பன்னிரண்டு மாதத்தில் உங்கள் கைக்கு வந்த மிகக் குறைந்த மாதத் தொகை எதுவோ, அதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

கடைச்சாமான்: நினைக்கிற அளவு வித்தியாசம் இல்லை

இணையத்தில் நகரங்களின் செலவை ஒப்பிடும் தளங்கள் இருக்கின்றன. பயன்படுத்துகிறவர்கள் தாங்களே போடுகிற விலைகளில்தான் அவை ஓடுகின்றன. கொழும்புக்கு அது கொஞ்சம் உதவும். ஹட்டனில் ஒரு காம்பரா என்ன வாடகை என்று அங்கே யார் எழுதப் போகிறார்கள்?

அதைவிட நல்லது நம் கையிலேயே இருக்கிறது. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் மாதாமாதம் மாவட்ட ரீதியாக வறுமைக் கோட்டை வெளியிடுகிறது. ஓர் ஆள் ஒரு மாதத்துக்கு அடிப்படைத் தேவைகளை நிறைவேற்ற எவ்வளவு வேண்டும் என்ற தொகை அது. வழக்கமாகக் கொழும்பு மாவட்டம் உச்சியில் இருக்கும், மொனராகலை அடியில் இருக்கும். ஆனால் இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் ஆளுக்குச் சுமார் இரண்டாயிரம் ரூபாய்தான். அரிசி, மா, பருப்பு, சீனி, பால்மா எல்லாம் நாடு முழுக்க ஏறத்தாழ ஒரே விலைக்குப் போகிறவை. ஊருக்கு ஊர் செலவு கூடுவதும் குறைவதும் வேறு இடத்தில் நடக்கிறது என்பதை இந்த ஒரு பட்டியலே காட்டிவிடும்.

இருந்தாலும் நீங்கள் சமைக்கிற சமையலுக்கு ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். என்னுடையதில் பன்னிரண்டு சாமான்: நாட்டரிசி 5 கிலோ, கோதுமை மா 4 கிலோ, பருப்பு ஒன்றரைக் கிலோ, தேங்காய் 12, முட்டை 20, நெத்தலிக் கருவாடு கால் கிலோ, 400 கிராம் பால்மா 3 பக்கட், சீனி, உருளைக்கிழங்கு, கோவா, போஞ்சி, கோழி. தேயிலை இல்லை, தோட்டத்தில் கொடுப்பதில் அம்மா எனக்கும் ஒரு பொட்டலம் கட்டி வைப்பார். இந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் ஊரிலும் சதொசவிலும் சந்தையிலும் ஒரு சனிக்கிழமை விலை கேட்டு எழுதுங்கள். வாங்காமல் விலை மட்டும் கேட்க வெட்கமாக இருந்தால் ஒரு கட்டு கீரையாவது வாங்கிக்கொண்டு கேளுங்கள்.

அப்படிக் கேட்டதில் தெரிந்த சில: மலையகம் என்றால் மரக்கறி மலிவு என்பது பாதிதான் உண்மை. நல்ல கரட்டும் லீக்ஸும் தோட்டத்தை விட்டு நேரே பேலியகொட மெனிங் சந்தைக்கு லொறி ஏறிவிடும். ஹட்டன் கடையில் கிடைப்பது பல நாள் கைமாறி வந்தது. பண்டாரவளையில் நிலைமை வேறு. வெலிமடையும் கெப்பட்டிப்பொல பொருளாதார நிலையமும் பக்கத்தில் இருப்பதால் உருளைக்கிழங்கும் போஞ்சியும் புதிதாகவும் விலை குறைவாகவும் கிடைத்தன. தேங்காய் நேர் எதிர். குருநாகல், புத்தளம் பக்கத்திலிருந்து மலை ஏறி வர வேண்டும், நமக்கு எப்போதும் கூடத்தான். ரொட்டியும் கட்டச்சம்பலும் நம் வீட்டுத் தினச் சாப்பாடு, ஆகவே தேங்காய் விலையை அலட்சியம் செய்யாதீர்கள்.

கேஸ் சிலிண்டரில் திகதி

இது சின்ன வேலை, ஆனால் எனக்கு நிறையக் கற்றுத்தந்தது. 12.5 கிலோ சிலிண்டரைப் புதிதாக மாட்டியதும் அதன் கழுத்தில் ஒரு மாஸ்கிங் டேப் துண்டை ஒட்டி, பேனையால் திகதி எழுதுவேன். தீர்ந்ததும் கொப்பியில் எத்தனை நாள் ஓடியது என்று குறிப்பேன். வெள்ளவத்தையில் ஒரு சிலிண்டர் 60 நாளைத் தாண்டும். கண்டியில் 50. ஹட்டனில் ஜூன் மாதம் மாட்டியது 34 நாளில் தீர்ந்தது. சமையல் அதே சமையல்தான். வித்தியாசம் குளிக்கிற தண்ணீர். ஹட்டன் சுமார் 1,270 மீட்டர் உயரம், தென்மேற்குப் பருவமழை நேரே வந்து மோதுகிற சரிவு. காலையில் பச்சைத் தண்ணீரை மேலில் ஊற்ற முடியாது. போதாததற்கு மலையகத்தில் சிலிண்டர் விலையே கொழும்பு விலையைவிடக் கொஞ்சம் கூட.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் கொழும்பில் இரவு பகலாக ஓடுகிற மின்விசிறி. ஏசி இருந்தால் சொல்லவே வேண்டாம். மலையில் மின்விசிறியே வாங்கவில்லை. ஆனால் மழை மாதத்தில் உடுப்பு காயாது. குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் லேசாகச் சூடு இருக்கும், அந்த இடுக்கில் கயிறு கட்டி உள்ளுடுப்பும் சொக்ஸும் காயப் போடுகிறேன். கனமான உடுப்புக்கு ஸ்திரிக்கைப் பெட்டிதான். அது கரண்ட் பில்லில் தெரியும்.

மீட்டரைக் கேட்காமல் வீடு எடுக்க வேண்டாம்

வாடகை வீடு பார்க்கும்போது எல்லோரும் கேட்பது: மாதம் எவ்வளவு, அட்வான்ஸ் எத்தனை மாதம். மூன்றாவது கேள்வி மீட்டரைப் பற்றி இருக்க வேண்டும். ஹட்டனில் என் வீட்டுக்கார ஐயா நல்ல மனிதர். முதல் நாளே சொன்னார், "மகள், மூணு வீட்டுக்கும் ஒரே மீட்டர்தான். பில்ல மூணாப் பிரிச்சுக்குவோம்." நியாயமாகத்தான் பட்டது, சரி என்றேன். மூன்று மாதம் கழித்துத்தான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன்.

நம் மின்கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. மாதம் 60 அலகுக்குள் இருக்கிற வீட்டுக்கு ஒரு விதமான கட்டணம். முதல் 30 அலகு மிகக் குறைந்த விலை, அடுத்த 30 கொஞ்சம் கூட. 60ஐத் தாண்டினால் அந்த மலிவான படியே கிடையாது. முதல் அலகிலிருந்தே வேறு விலை, அப்புறம் 90, 120, 180 என்று படிப்படியாக ஏறும், நிலையான மாதக் கட்டணமும் கூடும். இப்போது பாருங்கள். நாங்கள் மூன்று வீடு, வீட்டுக்கு ஏறத்தாழ 55 அலகு. தனித்தனி மீட்டர் இருந்தால் மூவரும் மலிவான வகுப்பில். ஒரே மீட்டரில் 165 அலகு என்று விழும்போது மூவரும் 121 முதல் 180 வரையான படிக்கு ஏறிவிடுகிறோம். ஒருவரும் வீணாக ஒரு பல்பும் எரிக்கவில்லை, ஆனாலும் பில் கனக்கிறது. அதிலும் நான் இரவு பத்தரை வரை வெளிச்சம் போட்டு வேலை செய்கிறவள். பக்கத்து வீட்டு அக்கா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பில் வருகிற நாளில் எனக்கு மனம் சங்கடப்படும்.

ஆகவே வீடு பார்க்கப் போகும்போது மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று, எத்தனை வீட்டுக்கு இது என்று கேளுங்கள். கடைசி மூன்று மாத பில்லைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிற இடத்தில் மாதாமாதம் தகராறு வரும்.

அட்வான்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது திரும்பி வருகிற காசுதானே என்று செலவில் சேர்க்காமல் விடுவோம். கண்டியில் மாதம் 36,000 வாடகைக்கு ஆறு மாத அட்வான்ஸ் கேட்டார்கள், 216,000 ரூபாய். அந்தக் காசை வருடத்துக்கு 8 சதவீத நிலையான வைப்பில் போட்டிருந்தால் மாதம் 1,440 ரூபாய் வரும். அந்த 1,440ம் வாடகையின் ஒரு பகுதி என்றே எழுதுங்கள்.

தனியாக இருக்கிற பெண்களுக்கு ஒரு வார்த்தை. இரவு பத்தரை வரை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு, காலையில் அலுவலகம் போகாமல் வீட்டில் இருக்கிற பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கம் பேசும். கண்டியில் ஒரு வீட்டுக்காரம்மா இதனாலேயே முகம் கொடுக்க மறுத்தார். இப்போதெல்லாம் வீடு பார்க்கிற அன்றே வேலை நேரத்தையும் சொல்லி, வேலை ஒப்பந்தக் கடிதத்தின் பிரதியையும் கையில் கொடுத்துவிடுகிறேன். மறுக்கிறவர் அன்றைக்கே மறுத்துவிட்டால் நமக்குச் சாமான் ஏற்றி இறக்குகிற லொறிக் கூலியாவது மிச்சம்.

இடி, கரண்ட், இணைப்பு

மலையகத்தில் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பகலுக்குப் பிறகு இடிமழை. காலை வெயில், இரண்டு மணிக்கு மேகம், மூன்றுக்கு முழக்கம். இங்கிலாந்து நேரத்துக்கு வேலை செய்கிறவருக்கு வேலை தொடங்குகிற நேரமும் இடி தொடங்குகிற நேரமும் ஒன்றுதான். அவுஸ்திரேலியாவுக்கு வேலை செய்கிற தோழி விடியற்காலையில் ஆரம்பித்து இடிக்கு முன்னாலேயே முடித்துவிடுவாள். அதே ஊர், அதே தெரு, ஆனால் அவளுக்கு நல்ல ஊர், எனக்குச் சிரமமான ஊர். ஆகவே ஓர் ஊரின் இணைப்பைப் பரிசோதிக்கப் போனால் உங்கள் வேலை நேரத்தில் போங்கள். காலை பத்து மணிக்குப் பார்த்த வேகம் எனக்கு உதவாது.

நான் செய்வது இது. வீடு பார்க்கும்போது மேசை போடப்போகிற மூலையில் நின்று, டயலொக், மொபிடெல், ஹட்ச் மூன்று சிம்மையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பேன். கீழே இறங்குகிற வேகத்தைவிட மேலே ஏற்றுகிற வேகத்தைக் கவனிப்பேன், கூட்டத்தில் நம் குரல் உடைவது அதனால்தான். மலையில் பத்து அடி நகர்ந்தால் டவர் ஒரு முகட்டுக்குப் பின்னால் மறைந்துவிடும். முன் காம்பராவில் நன்றாக இருப்பது பின் காம்பராவில் இருக்காது. பைபர் லைன் இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்பதோடு நிறுத்தாமல், பக்கத்து வீட்டில் ஏற்கெனவே இழுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ‘ரோட்டில் இருக்கிறது’ என்பதற்கும் ‘வீட்டுக்கு வந்தது’ என்பதற்கும் இடையில் மாதங்கள் போகலாம். செயற்கைக்கோள் வழியாக இணையம் தருகிற ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்துவிட்டது, பைபர் எட்டாத தோட்டங்களுக்கு அது ஒரு வழி. ஆனால் தனி ஆளின் வாடகை வீட்டுக்கு அது பெரிய செலவு, நாலு பேர் சேர்ந்தால் யோசிக்கலாம்.

கரண்ட் போவதைப் பற்றிப் பக்கத்துக் கடையில் கேளுங்கள். குளிர்சாதனப் பெட்டி வைத்திருக்கிற கடைக்காரருக்கு எந்த மாதம் எத்தனை தடவை போனது என்று விரல் நுனியில் இருக்கும்.

எங்கே இழக்கிறோம் என்பதை எழுதினால்தான் தெரியும். ஹட்டனில் முதல் மூன்று மாதம், கரண்ட் அல்லது இணைப்பு இல்லாமல் போன மணிகளைத் தனிப் பக்கத்தில் எழுதினேன். மாதம் சராசரி 11 மணி நேரம். பைபர் இருந்தது, போன் டேட்டாவும் இருந்தது. ஆனால் கரண்ட் போன கையோடு ரவுட்டர் அணைந்துவிடும், ஊரில் எல்லோரும் போன் டேட்டாவுக்கு மாறுவதால் அதுவும் இழுக்கும். இதில் ஒரு விஷயம்: கரண்ட் போனாலும் பைபர் லைன் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. நம் வீட்டு ரவுட்டருக்கு மட்டும் யாராவது மின்சாரம் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு பேட்டரிப் பெட்டி வாங்கினேன், 28,000 ரூபாய். இழப்பு மாதம் 3 மணியாக இறங்கியது. முழக்கம் கேட்டதும் சுவர் ப்ளக்கைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டுகிறேன், ரவுட்டர் எரிந்துபோகும் பயமும் போயிற்று.

மலிவான வீட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்

விலையை ஒப்பிடுகிற பேச்சில் இது எதற்கு என்று நினைக்காதீர்கள். மலையகத்தில் ஒரு வீடு அக்கம்பக்கத்தைவிடக் கணிசமாக மலிவு என்றால், வீட்டுக்குப் பின்னால் போய் நின்று பாருங்கள். செங்குத்தாக வெட்டிய மண் சுவர் இருக்கிறதா, அதில் வெடிப்பு ஓடுகிறதா, மேலே உள்ள மரங்கள் சாய்ந்திருக்கின்றனவா, கதவு ஜன்னல் திடீரென்று இறுகத் தொடங்கியதா, ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருகிறதா. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் வந்த திட்வா புயல் பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களை எப்படிப் புரட்டிப் போட்டது என்பதையும் கண்ணால் பார்த்தோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்கள் வைத்திருக்கிறது, மாவட்ட அலுவலகத்தில் கேட்கலாம். கிராம சேவகரிடமும் கேளுங்கள். மாதம் 5,000 ரூபாய் மிச்சம் என்பதற்காக அந்த மண் சுவருக்குக் கீழே படுக்க வேண்டாம். தங்கச்சியிடம் இதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில்

இப்போது கணக்கு. என் மூன்று ஊர், ‘ஊ’ போட்ட செலவு மட்டும். அட்வான்ஸ் வட்டியை இதில் சேர்க்கவில்லை.

ஹட்டன்: வாடகை 24,000, கரண்டும் தண்ணீரும் 5,500, கேஸ் 4,000, இணைப்பு 7,000, சாப்பாடு 32,000, நோர்வூட்டுக்கு வாராவாரம் போய்வர 2,500. மொத்தம் 75,000.

பண்டாரவளை: வாடகை 20,000, கரண்ட், தண்ணீர் 3,500, கேஸ் 3,500, இணைப்பு 7,000, சாப்பாடு 29,000, மாதம் இரண்டு தடவை அம்மாவிடம் போய்வர 8,000. மொத்தம் 71,000.

கண்டி: வாடகை 36,000, கரண்ட், தண்ணீர் 5,000, கேஸ் 2,500, இணைப்பு 5,000, சாப்பாடு 31,000, பயணம் 8,500. மொத்தம் 88,000.

இதோடு நிறுத்தினால் பண்டாரவளைக்குப் பெட்டி கட்டியிருப்பேன். ஆனால் இழந்த மணிகளையும் காசாக்கிச் சேர்க்க வேண்டும். என் கைக்கு மணிக்கு 1,800 ரூபாய் வருகிறது என்று வைத்தேன். ஹட்டனில் 11 மணி, 19,800 ரூபாய். பண்டாரவளையில் 7 மணி, 12,600. கண்டியில் 2 மணி, 3,600. சேர்த்தால் ஹட்டன் 94,800, பண்டாரவளை 83,600, கண்டி 91,600. வாடகை 12,000 குறைவாக இருந்தும் ஹட்டன் கண்டியைவிடச் செலவான ஊராகிவிட்டது. முதல் தடவை இந்தத் தொகையைப் பார்த்தபோது கூட்டலில் பிழை என்று நினைத்து மறுபடி கூட்டினேன்.

அடுத்த கேள்வி, அந்த இழப்பு காசு போட்டால் தீருமா, தீராதா என்பது. ஹட்டன் இழப்பு தீர்ந்தது. பேட்டரிப் பெட்டியின் விலையை 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் சுமார் 1,200, மிச்சமிருக்கும் 3 மணி இழப்பு 5,400, ஆக ஹட்டன் 81,600க்கு வந்தது. பண்டாரவளையில் இழந்த 7 மணியில் 6 மணி கரண்டால் போனது இல்லை. ஞாயிறு பின்னேரம் நோர்வூட்டிலிருந்து கிளம்பி, நுவரெலியாவில் பஸ் மாறி, வெலிமடைப் பாதையில் வளைந்து வளைந்து வருவதற்குள் நேரம் போய்விடும். சில ஞாயிறுகளில் பஸ் தப்பி, திங்கள் பகலில்தான் வந்து சேர்வேன். அதற்குப் பேட்டரி கிடையாது. ரயில் வசதிதான், ஆனால் திட்வாவில் மலைப்பாதைத் தண்டவாளம் பல இடங்களில் சிதைந்ததைப் பார்த்த பிறகு, ஒரே பாதையை நம்பி ஊர் தெரிவு செய்ய மனம் வரவில்லை.

கடைசியில் ஹட்டனுக்கும் பண்டாரவளைக்கும் 2,000 ரூபாய்தான் வித்தியாசம். அந்த அளவு நெருங்கிவிட்டால் காசுக் கணக்கை மூடிவிடலாம். அம்மாவின் கிளினிக் டிக்கோயா ஆதார வைத்தியசாலையில், 2017இல் இந்திய உதவியோடு கட்டிய புதுக் கட்டடம். நான் ஹட்டனில் இருந்தால் காலையில் அவரைக் கூட்டிப் போய், மருந்து எடுத்து, வீட்டில் விட்டுவிட்டு ஒன்றரைக்கு மேசைக்கு வந்துவிடலாம். எனக்கு அது போதும். உங்களுக்கு வீட்டில் அப்படி ஒருவர் இல்லையென்றால் பண்டாரவளைக் காற்றும் வெயிலும் நல்ல தெரிவு.

நுவரெலியாவை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். ஏப்ரல் சீசனில் இரண்டு வாரம் வீட்டைக் காலி பண்ணித் தரச் சொன்னார்கள். பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவதற்காக. அந்த இரண்டு வாரம் நான் எங்கே போவது?

கணக்கில் ஒரு குறையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பண்டாரவளையில் நான் இருந்தது ஜனவரி, பெப்ரவரி. ஊவாப் பக்கம் வடகீழ்ப் பருவமழை பெய்கிற காலம். ஜூலை, ஓகஸ்டில் அங்கே காய்ந்த காற்று, உடுப்பு ஒரு மணி நேரத்தில் காயும். அதே நேரம் ஹட்டனில் மழை விடாது. கண்டியில் இருந்தது செப்டெம்பர், ஒக்டோபர். ஆகவே முடிந்தால் ஓர் ஊரை அதன் மோசமான மழை மாதத்தில் மூன்று வாரமாவது இருந்து பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் அந்த ஊரில் இருக்கிற ஒருவரிடம் அந்த மாதத்துக் கரண்ட் பில்லையும் கேஸ் ஓடிய நாளையும் கேட்டு எழுதுங்கள்.

போன வாரம் வீட்டுக்கார ஐயாவிடம் அந்த 165 அலகுக் கணக்கைக் கொப்பியோடு கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். "இவ்வளவு காலமா இப்படியா கட்டியிருக்கோம்" என்றார். தனி மீட்டருக்கு விண்ணப்பம் போடச் சம்மதித்துவிட்டார், வயரிங் செலவில் பாதி என்னுடையது. மீட்டர் வந்ததும் ஹட்டன் பக்கத்தில் 5,500ஐ வெட்டிவிட்டுப் புதுத் தொகையை எழுத வேண்டும். தங்கச்சி பதுளைப் பக்கத்தை ஆரம்பித்துவிட்டாள். நேற்று போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். முதல் வரி: ‘கேஸ் மாத்தினது, 3ஆம் திகதி.’